ஐம்பத்திரண்டாயிரத்துக்குள்

நான்காம் மாதமே சீட்டு விழுந்தது எனக்கு.
கழிவு போகக் கையில் ஐம்பத்திரண்டாயிரம்.
"காப்பு எடுக்கப் போறியா, சுகிர்தா?"
எண்ணித் தந்துவிட்டுக் கேட்டாள் நவமணியக்கா.
காட் எடுக்கப் போகிறேன் என்றேன்.
பேங்க் காட்டுக்கு இவ்வளவா என்று
வாயைப் பிளந்தாள்.
நான் விளக்கப் போகவில்லை.

பார்மசி மூடியபின்
மருந்துச்சீட்டின் முதுகில் கணக்கு.
ஆறு ஜீபீ காட், பாவித்தது: நாற்பத்தாறு.
எஸ்.எஸ்.டி: பதினான்கு.
ரேம் இன்னொரு எட்டு: ஐந்தரை.
பவர் சப்ளையை மட்டும்
இரண்டு இரவுகள் எழுதாமலே விட்டேன்,
நெஞ்சுவலியை டொக்டரிடம் மறைத்துவிட்டு
என்னிடம் வந்து பாம் கேட்கிறவர்களைப் போல.

ஒரு வங்கிக் கிளை கழித்துப்போட்ட பெட்டி என்னுடையது.
நெற்றியில் இன்னும் 'கவுண்டர் 3' என்ற துண்டு.
உள்ளே, மாத்திரை டின்களில் வரும்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் பதினொன்று
நான் போட்டது.
தலவாக்கலையில் உப்பே தண்ணீராகிறது,
செம்புக் கம்பி என்ன செய்யும்.

ஆனால் கூலருக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை.
வத்தளையிலிருந்து ஆடும் மெலோடன்
எண்பது டிகிரியில் வேகிறான்.
நான் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.
இந்தக் குளிர்
ஒன்றுதான் எனக்கு இலவசமாய்க் கிடைத்த பாகம்.

கம்பளை ஆள் படம் அனுப்பினான்.
"ஆறு மாசந்தான் மிஸ். வீட்டுப் பாவனை."
விசிறியில் அப்பம் போலத் தூசு.
பின்னால் மேசையில்
அதே காட் வரிசையாய்ப் பத்து,
இரவு பகலாய்க் காசு தோண்டிய களைப்போடு.
நல்ல வீடு.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ்.
டெவன் திருப்பத்தில் அருவியைக் காணோம்.
(விளையாட்டில் என் பெயர் அதுதான். டெவன்.)
பழைய விளையாட்டுகளிலும் இப்படித்தான்,
தூரத்து மலையை வரைய வலுவில்லாத காட்டுக்கு
மூடுபனி போட்டுக் கொடுப்பார்கள்.
ஐம்பது அடிக்கு அப்பால் உலகம் தேவையில்லை.
கிட்டப் போனால் ஒரு மரம் முளைக்கும்.
பஸ் கிட்டப் போக
ஒரு மரம் முளைத்தது.
பிறகு ஒரு மதில்,
மதிலில் பாதி வேட்பாளர்.
இந்த மலையையும் யாரோ
சிக்கனமாய்த்தான் ஓட்டுகிறார்கள்.

"இந்தக் கேசிங் பாருங்க, ஏழு கலர் எரியும்"
என்றான் ரிஸ்கான்.
மாலை ஆறரைக்கு லயம் முழுக்க
ரைஸ்குக்கர் போட்டால்
எங்கள் பல்பே மூன்று கலரில் எரியும்.
பவர் சப்ளை காட்டுங்கள் என்றேன்.

இரண்டை வைத்தான்.
மலிவானது,
காற்றடைத்த முறுக்குப் பக்கெட்.
மற்றதைத் தூக்கினேன், கை தாழ்ந்தது.
பத்தொன்பதரை. ஐந்து வருட வாரண்டி.
"இதப் போட்டா எத்தனை எஃப்.பி.எஸ். கூடும்?"
பக்கத்தில் நின்ற ஸ்கூல் பையன் கேட்டான்.
ஒன்றும் கூடாது என்றேன்.
பாவம் போலப் பார்த்தான் என்னை.

ரேமும் எடுத்தேன்.
மீதி இருபத்தேழாயிரம்
மருந்துச்சீட்டுக்குள் மடிந்து போனது,
காட் என்ற சொல்லின் மேல்.

"கேக்கா?" என்றார் கண்டக்டர்,
மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து.
கரண்ட் என்றேன்.

இரவு ஒன்பது.
பல்ப் மங்கி, இன்னும் மங்கி,
பக்கத்து வீட்டில் யாரோ ஏசினார்கள்.
முன்பென்றால் இந்நேரம் திரை கறுத்திருக்கும்,
"டெவன் செத்துட்டா" என்றிருப்பான் மெலோடன்.
பெட்டி அசையவில்லை.
இருபத்திரண்டு, இருபத்தாறாகியிருக்கிறது.
புல் இன்னும் பச்சைத் தாள்தான்.

"மலை உச்சியில ஒருத்தன் நிக்கிறான், டெவன். தெரியுதா?"
என் திரையில் அங்கே மலையே இல்லை.
நீ சுடு என்றேன்,
கீழே கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.